பேபி கல்யாணத்தில் ஓடிய போலந்துத் தட்டு

கள்ளிக்குப்பத்தில் வேம்புலி சவுண்டு செட் என்றால் தெரியாதவன் கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்று, சூளையில் மண் சுமந்து, சொந்த உழைப்பில் ஆம்ப்ளிஃபயர் வாங்கின ஆள். படித்தவனெல்லாம் அவன் வாசலில் நின்றுதான் கல்யாணத்துக்குத் தேதி கேட்டான்.

ஆவடியில் வேலைக்கு வந்திருந்த போலந்து எஞ்சினியர் ஒருவர், ஊர் திரும்பும்போது அவனுக்கு ஓர் இசைத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கூட்டமே சேர்ந்து வாசிக்கும் வாத்தியம். கேட்டால் நெஞ்சை அடைக்கும். சுற்று வட்டாரத்தில் எந்தச் சாவு வீட்டிலும் பாடை கட்டும்போது வேம்புலி அதைத்தான் போடுவான். பாடையைத் தூக்கியதும் தட்டிலிருந்து முள்ளை எடுத்துவிடுவான். அதுதான் முறை. அதனால் தட்டு ஒருநாளும் முழுசாக ஓடியதில்லை. வீட்டில் போட்டுக் கேட்க மனைவி சொர்ணம் விடுவாளா?

தொண்ணூற்று மூன்றில் மகள் பேபிக்குக் கல்யாணம். பந்தலுக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர் போதும். வேம்புலி மகளாச்சே, தெருமுனைக் கம்பத்திலும் ஒன்று கட்டினான்.

மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம், ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் சம்பத் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை அழைத்துவந்தான். தட்டில் இருந்த இசையை எழுதியவரின் பேத்தி. தாத்தாவை அவர் நாடே மறந்துவிட்டதாம், வேறு தட்டு எங்கும் கிடைக்கவில்லையாம். எஞ்சினியர் சொன்ன அடையாளத்தில் தேடி வந்திருக்கிறாள். சாயங்காலம் விமானம். கேசட்டில் பதிந்துகொள்ள வேண்டும்.

பிளேன் ஏறி வந்தவளை வேம்புலி திருப்பி அனுப்புவானா? ஆம்ப்ளிஃபயரிலிருந்து பந்தல் ஸ்பீக்கரைக் கழற்றி, அந்த இடத்தில் அவள் டேப்பை மாட்டி, முள்ளை வைத்தான். தெருமுனை ஸ்பீக்கரை மறந்தே போனான்.

வேனிலிருந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கம்பத்தடியிலேயே நின்றுவிட்டார்கள். சம்பந்தி பக்தவத்சலம் மட்டும் மூச்சிரைக்க வந்தார்.

“இன்னா சம்மந்தி, எவன் ஊட்ல பொணம் கீது?”

வேம்புலியின் கை முள்ளுக்குப் போனது, பாதியில் நின்றது. எடுத்தால் பாடை தூக்கியாச்சு என்று அர்த்தம். விட்டால் மாப்பிள்ளை வேன் ஏறிவிடுவான். அலங்காரத்தோடு பேபி வாசலில் தலை குனிந்து நின்றாள்.

வெள்ளைக்காரி பதறி அவன் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். சம்பத் தமிழில் சொன்னான்: “அவங்க தாத்தா, தன் பொண்ணு கண்ணாலத்துக்கு மெட்டு போட்டதாம்ணே. கடைசில ஆட்டம் வருமாம்.”

கடைசியை யார் கேட்டது? வேம்புலிக்கே நம்பிக்கையில்லை. ஆனாலும் மைக்கை எடுத்தான்.

“இது கண்ணாலப் பாட்டு. முள்ள எடுக்க மாட்டேன். முழுசா கேட்டுகினு, அப்பால போறவங்க போலாம்.”

இசை இன்னும் இழுத்துக்கொண்டே போனது. வேம்புலியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சொர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் உட்காரவில்லை.

திடீரென்று பிடில்கள் துள்ளின. தவில்காரர் விரல் தானாகத் தாளம் போட்டது. பக்தவத்சலம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பந்தலுக்குள் நுழைந்தார்.

போலந்தில் அந்தக் கேசட்டை இன்றைக்குப் போட்டாலும், நடுவில் வேம்புலி குரல்தான் கேட்கும்.