போகத்துக்கு விட்ட வீடு

வீட்டுத் தரகு என்பது, ஊரார் வீட்டுக் கூரை ஒழுகினால் நம்முடைய தூக்கம் கெடுகிற தொழில். எழுபதுகளில் மட்டக்களப்பில் அதைத்தான் செய்தேன். வீடு பார்த்துக் கொடுப்பதோடு, வாடகைக்கு விடுவது எப்படி என்ற ஆலோசனையும் இலவசம். இலவசம் என்பதால் பலர் அதை என் வாசலிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். வாடகைக்கு விட்டுப் பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிலபுலம் உள்ள ஒரு போடியார் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

கிணறு

கந்தப்போடியாருக்கு வீடு செங்கலடியில், வயல் உன்னிச்சையில். ஒரே மகள். அவளுக்குச் சீதனமாகக் கொடுக்க டவுனில் ஒரு வீடு வாங்குவது, கலியாணம் வரைக்கும் அதை வாடகைக்கு விடுவது என்பது அவர் எண்ணம். வாவிக்கரைப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டைக் காட்டினேன். உறுதிப் பத்திரத்தைப் பாருங்கள், சுவரைப் பாருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, அவர் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்தார். மனைவி பூரணமும் குடித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். என்னை அவர் மகனே என்றுதான் கூப்பிடுவார். அவர் வாயில் அது மனே.

"சுவர் வெடிச்சாப் பூசலாம் மனே. உப்புத் தண்ணிக்கு என்னத்தப் பூசிற?"

வெற்றிலை ஒப்பந்தம்

மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்த வெளியூர்க் கிளாக்கர் ஒருவரைக் குடிவைத்தேன். அரசாங்க உத்தியோகத்தருக்கு இடமாற்றம் வரும், தானாக எழும்பிப் போவார் என்பது என் யோசனை. ஒப்பந்தம் எழுதுங்கள், முடிவுத் தேதி போடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். போடியாருக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. வயலைக் கொடுப்பது போலவே வீட்டையும் வெற்றிலை வைத்து, வாய்ச்சொல்லில், அறுவடைக்கு அறுவடை என்ற போகக் கணக்கில் கொடுத்தார். வாடகையும் வெள்ளாமை வெட்டும் காலத்தில் தந்தால் போதுமாம். கிளாக்கர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"வயல் செய்யிறவன் போகம் முடிஞ்சா வரம்பால இறங்கிப் போவான். அவனோட நான் கடுதாசி எழுதினதா?"

தென்னை

வீட்டு வளவில் நிற்கும் தென்னையின் தேங்காய் யாருக்கு என்று முன்னமே பேசி வைக்கச் சொல்லியிருந்தேன். பேசவில்லை. ஒரு நாள் போடியார் மரமேறுபவனோடு வந்து இறங்கினார். கிளாக்கரின் மனைவி, மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியது தான்தான் என்று சொல்லித் தேநீரும் கொடுத்தார். போடியார் அதைக் குடித்துவிட்டு, உடைந்த ஓடுகளை மாற்றித் தருவதாகவும் ஒப்புக்கொண்டு, வெறுங்கையோடு பஸ் ஏறப் போனார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் காய் கேட்கவில்லை என்று அவரை நன்றாகக் கேட்டேன்.

"தண்ணி ஊத்தின பொம்புளையிட்ட என்னெண்டு மனே காய் கேக்கிற?"

போகம் முடிந்தபோது

மகளுக்கு மாப்பிள்ளை சரிவந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணோடு வீடும் போகவேண்டும், வீடில்லாமல் கலியாணமில்லை. கிளாக்கரை எழும்பச் சொன்னோம். அவரோ தனக்கு வந்த இடமாற்றத்தை ஆள் பிடித்து நிறுத்தியிருந்தார். அந்தக் கிணற்றுத் தண்ணீர் பிள்ளைகளுக்கு நன்றாக ஒத்துக்கொண்டதாம். சட்டம் குடியிருப்பவர் பக்கம், வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும் என்று வழக்குப் பேசும் பிரக்கிராசியார் கையை விரித்தார். மாப்பிள்ளை வீட்டார் வேறிடம் பார்க்கத் தொடங்கினார்கள். பூரணம் என் வாசலில் வந்து நின்று அழுதார்.

கடைசியில் தாங்கள் இருந்த செங்கலடி வீட்டையே மகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். கலியாணம் குறையில்லாமல் நடந்தது. அடுத்த கிழமை போடியார் என்னிடம் வந்து, தனக்கும் மனைவிக்கும் வாடகைக்கு ஒரு வீடு வேண்டும் என்றார். எப்படிப்பட்ட வீடு, கிணறு பார்க்க வேண்டுமா என்று கேட்டேன்.

"வீடு எப்பிடியும் இருக்கட்டும் மனே. வீட்டுக்காரன் மட்டும் என்னப்போல ஒராளாப் பாரு."

என் ஆலோசனையைக் கேட்டு நடந்தவர்களிடையே தேடியதாலோ என்னவோ, தொழிலை விடும்வரை அப்படி ஒருவர் எனக்கு அகப்படவில்லை.