பேலட் ஷெட்டில் ஃபுட்சால்

பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கற்றுக்கொடுக்கும் தொழிலில் பிள்ளைகளால் ஒரு தொல்லையும் இல்லை. அவர்களைக் கொண்டுவந்து விடுகிறவர்களைச் சமாளிக்கத்தான் பயிற்சி வேண்டும். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

செல்போனில் வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலம் அது. பென்னலூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். மனைவி காலமான பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மிகவும் நீண்டுவிட்டன. தன் நாட்டுக்குத் திரும்பிய எஞ்சினியர் ஒருவர் ஒரு பந்தையும், படம் போட்ட விதிப் புத்தகத்தையும் என்னிடம் விட்டுப்போயிருந்தார். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். பக்கத்துக்கு ஐந்து பேர், சின்ன இடம், அதிகம் எழும்பாத பந்து. ஃபுட்சால் என்று பெயர்.

தொழிலாளர் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்க, சரக்கை அடுக்கும் பேலட் என்கிற மரத்தட்டுகளைப் போட்டுவைக்கும் ஷெட் ஒன்று காலியாகக் கிடந்ததைக் கேட்டேன். எச்.ஆர். அதிகாரி மூன்று மாதத்துக்குக் கொடுத்தார். தொழிலாளர் பிள்ளைகளிடம் ஆளுமை வளர்ச்சி தெரிந்தால் ஷெட் எங்களுக்கு. இல்லாவிட்டால் பழையபடி பேலட்டுகளுக்கு. சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னார்: "மூணாவது மாசம் பிளான்ட் ஹெட் நேர்ல வந்து பாப்பாரு. அதுக்குள்ள பசங்கள டெவலப் பண்ணிடுங்க."

பந்துக்கு வைத்தியம்

ஃபுட்சால் பந்தை இடுப்புயரத்திலிருந்து விட்டால் முழங்காலைக்கூடத் தொடாது. அப்படித்தான் செய்திருப்பார்கள், காலுக்கடியில் நிற்பதற்காக. மகனைக் கொண்டுவந்து விட்ட ஏழுமலையிடம் இதை விளக்கினேன். உள்ளூர்க்காரர், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார்.

நான் ஒரு குழந்தைக்கு ஷூ லேஸ் கட்டி நிமிர்வதற்குள் பந்தைக் கம்ப்ரஸருக்குக் கொண்டுபோய்க் காற்றடித்துவிட்டார். முதல் உதையிலேயே அது தகரக் கூரையை இரண்டு முறை இடித்தது. ஊசி போட்டுக் காற்றை இறக்கினேன். அவர் பையிலிருந்து சிவப்புச் சீட்டு ஒன்றை எடுத்துப் பந்தின்மேல் ஒட்டினார். கழித்துப்போட்ட பாகங்களுக்கு ஒட்டுவது அது; உரிந்தால் அடுத்த வாரம் வேறொன்று ஒட்டுவார். "பந்துன்னா எம்பணும் சார். எம்பலன்னா என் கைல அது ரிஜெக்‌ஷன்தான்."

மணிக்கு எத்தனை?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து உற்பத்தி லைனில் வேலை பார்த்தவர் முருகன். ஒன்பது வயது மகள் கனகாவை நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு அழைத்து வருவார். தூங்கப் போகமாட்டார். சுவரில் சாய்ந்து நின்று எதையோ குறித்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் கேட்டார்: "அண்ணாச்சி, புள்ளைக்கு மணிக்கு எத்தன கோலு டார்கெட்டு?"

டார்கெட் கிடையாது, விளையாடினால் போதும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. உள்ளே கனகா பந்தைத் தவறவிட்டு, அதற்கே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்: "இப்படிச் சிரிச்சிக்கிட்டே செஞ்சா பாக்குதவுக என்ன நெனைப்பாவ அண்ணாச்சி?"

பச்சை, சிவப்பு

முதல் மாத முடிவில் எச்.ஆர். அதிகாரி ஒரு பெரிய அட்டையோடு வந்தார். லைனில் எவருக்கு எந்த வேலை தெரியும் என்று வண்ணம் பூசி மாட்டுவார்களே, அதே அட்டை. இதில் எங்கள் பதினொரு பிள்ளைகளின் பெயர்கள். மேலே தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை, மகிழ்ச்சி. தெரிந்தால் பச்சை, தெரியாவிட்டால் சிவப்பு.

மகிழ்ச்சிக்குக் கீழே பதினொரு பேருக்கும் பச்சை பூசிக் கொடுத்தேன். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். "மொத மாசம் நாலு பேரையாவது சோகமா காட்டுங்க சார். அப்பதானே இம்ப்ரூவ்மென்ட் தெரியும்?"

ரிலீவர்

ஷெட் வேண்டுமே. நாலு பேரைச் சோகமாக்கினேன். அடுத்த மாதம் மகிழ்ச்சியாக்கினேன். மூன்றாவது மாதம் ஒரு ஞாயிறு பிளான்ட் ஹெட்டும் வந்தார்.

ஃபுட்சாலில் ஒரு விதி உண்டு. களைத்தவர் எந்த நேரமும் வெளியே வரலாம். அவர் வெளியே வந்ததும் இன்னொருவர் உள்ளே ஓடலாம். ஆட்டம் நிற்காது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பிள்ளைகளுக்குக் கோலைவிட இதுதான் பிடிக்கும். தொழிற்சாலை லைனில் அப்படி இல்லை. ரிலீவர் என்கிற மாற்று ஆளை சூப்பர்வைசர் அனுப்பும்வரை நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது.

கனகா மூச்சுவாங்கக் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பிளான்ட் ஹெட் குனிந்து, "பாப்பா, இங்க என்ன கத்துக்கிட்டே?" என்றார். 'தலைமைப் பண்பு' என்று சொல்ல எச்.ஆர். அதிகாரி அவளைப் பழக்கியிருந்தார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "முடியலன்னா கையத் தூக்கிட்டு வெளிய வந்துரலாம் சார். யாரும் ஏசமாட்டாவ. எங்கப்பாவுக்குத்தான் ரிலீவரே வரமாட்டாவ. ஒண்ணுக்கக்கூட அடக்கிக்கிட்டு நிப்பாவ."

சுவரோரம் நின்ற அப்பாக்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். முருகனின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது, அவர் எடுக்கவில்லை. பிளான்ட் ஹெட் நிமிர்ந்து, குழந்தைக்குத் தன்னம்பிக்கை நன்றாக வளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை ஷெட் நிறைய பேலட்டுகள். எச்.ஆர். அதிகாரி என் மேஜைமேல் புது கேரம் போர்டு ஒன்றைச் சாய்த்து வைத்தார். "இது நல்ல கேம் சார். எல்லாரும் உக்காந்த எடத்துலயே இருப்பாங்க."

என் வீட்டுச் சந்து

அடுத்த ஞாயிறு பதினொரு பேரும் என் வாசலில் நின்றார்கள். வீட்டின் முன்னால் சிமென்ட் போட்ட சந்து. இரண்டு பக்கமும் கண்ணாடி ஜன்னல்கள். ஏழுமலை சந்தின் அகலத்தைக் காலால் அளந்தார். பந்தைக் கீழே போட்டுப் பார்த்தார். அது எழும்பாமல் அவர் காலடியிலேயே கிடந்தது. குனிந்து சிவப்புச் சீட்டைக் கிழித்தெறிந்தார். "இந்த எடத்துக்கு இதான் சார் கரெக்ட்டு. பாஸ் பண்ணிட்டேன், ஆடச் சொல்லு."

மூன்று மாதத்தில் பிள்ளைகளிடம் ஆளுமை வளர்ச்சி தெரிந்தால் ஷெட் எங்களுக்கு என்றார்கள். என் அனுபவத்தில், அது தெரிந்ததால்தான் ஷெட் போயிற்று.