முதலாளி வண்டி குடித்த பெட்ரோல்

டிரைவர் சட்டையில் பெட்ரோல் வாசனை ஒட்டுவதற்கு முன்பே பெட்ரோல் திருடன் என்ற பேர் ஒட்டிக்கொள்ளும். என்மேல் அதை முதலில் ஒட்டியவர் தூத்துக்குடி உப்பு வியாபாரி தவசிமணி முதலாளி. உப்பு அடுக்கி வைக்கும் தன் கிட்டங்கி வாசலில், மூடை தூக்குகிற ஆட்கள் முன்னால் வைத்துச் சொன்னார். அதே வாசலில் அவர் அதைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று இன்றைக்கும் காத்திருக்கிறேன். ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கிற உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு கார் வந்தது

முதலாளியின் மகள் டாக்டர். முழுக்கக் கரண்டில் ஓடுகிற சின்ன கார் ஒன்றை வாங்கினார். வெளியே பார்த்தால் சோப்பு டப்பா. உள்ளே உட்கார்ந்தால் கல்யாண மேடை சோபா. ஊருக்குள் ஓட்டுவதற்கு இவ்வளவு விலையா என்று முதலாளிக்கு ஆத்திரம். புரோக்கரைப் பிடித்து, கொச்சியில் ஒருவர் ஓட்டிய காரை அதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கி வந்தார். வயர் மாட்டிச் சார்ஜும் ஏற்றலாம், பெட்ரோலும் ஊற்றலாம். ஊருக்குள் ஓடுவதற்குச் சார்ஜே போதும், பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டாம் என்று புரோக்கர் சத்தியம் பண்ணினார்.

மகள் வண்டிக்குக் கம்பெனி ஆட்கள் வந்து, மீட்டரிலிருந்தே தனி லைன் இழுத்து, சுவரில் ஒரு பெட்டி வைத்தார்கள். முதலாளி அந்தச் செலவெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார். போர்டிகோவில் இருந்த சாதாரண பிளக்கிலேயே அவர் வண்டிக்கு வயர் மாட்டினோம். அதன் சுவிட்ச் வீட்டுக்குள் இருந்தது. அன்றைக்கு மகளிடம் பெருமையாகச் சொன்னார்: “ஒத்த வழிய நம்பி எவனாவது யாவாரம் பண்ணுவானா? என் வண்டி கரண்டும் திங்கும், பெட்ரோலும் குடிக்கும்.”

சத்தம் இல்லாத வண்டி

நான் இரண்டு வண்டியையும் ஓட்டினேன். டாக்டரம்மா கீழவைப்பாருக்கு மருத்துவ முகாம் போவார். வெயிலில் காத்துக் கிடக்கும்போது ஏசியைப் போட்டுக்கொள்ளச் சொல்வார். எஞ்சின் சத்தம் கிடையாது, புகை கிடையாது. கடற்கரை வெயிலில் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு கிடந்த எனக்கு அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது. முதலாளி வண்டியில் அப்படி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் எஞ்சின் தானாக உறுமும். எங்கே இருந்தாலும் முதலாளி எட்டிப் பார்ப்பார்.

சத்தம் இல்லாததிலும் ஒரு கஷ்டம் உண்டு. ஒரு நாள் கீழவைப்பாரில் மீன் கூடையோடு நடுத்தெருவில் போன அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றேன். ஹார்ன் அடித்தால் பயந்துவிடுவாரே என்று அடிக்கவில்லை. தற்செயலாகத் திரும்பியவர் கூடையைப் போட்டுவிடப் பார்த்தார். பிறகு என் நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “ஏலே, இந்த வயசுல பூனை மாதிரி பின்னால வாரியே, ஒனக்கு வேற வேலை இல்லையா?”

ஏரலில் ஒரு மதியம்

மின்சாரக் காரின் குறையையும் மறைக்க மாட்டேன். ஒரு நாள் காலையில் முகாமுக்குப் போய்விட்டு, அப்படியே ஏரலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். முந்தின நாள் சார்ஜ் போட மறந்திருந்தோம். ஏரல் கடைத்தெருவில் வண்டி போதும் போதும் என்று சிவப்பு விளக்கு காட்டியது. முதலாளி வண்டியாக இருந்தால் பங்கில் ஊற்றிக்கொண்டு கிளம்பியிருக்கலாம்.

ஒரு பாத்திரக் கடையில் பிளக் கேட்டேன். கேவலமாக இருந்தது. கடைக்காரர் குடம், குத்துவிளக்கு எல்லாவற்றையும் நகர்த்தி வயருக்கு வழி விட்டார். நான் தயங்கி நிற்பதைப் பார்த்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்: “செல்லுக்குச் சார்ஜ் போட தெனமும் ஆள் வாராங்க, காருக்கு வந்த மொத ஆளு நீருதான். அது மெதுவா குடிக்கட்டும், நீரு உக்காரும்.”

கிட்டங்கி வாசல்

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். புரோக்கர் சொன்னதற்கு மாறாக, முதலாளி வண்டி ஊருக்குள்ளேயே பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது. சாயங்காலம் வயரை மாட்டிவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன். காலையில் வந்து பார்த்தால் பிளக்கில் விளக்கு எரியும், வண்டியில் சார்ஜ் இருக்காது. முதலாளியிடம் சொன்னேன். ராத்திரி வயர் மாட்டியிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

ஒரு நாள் கிட்டங்கியில் லாரிக்கு உப்பு ஏறிக்கொண்டிருந்தது. பெட்ரோலுக்கு மறுபடியும் காசு கேட்டேன். முதலாளி ஆட்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என்னிடம் கேட்டார்: “பெட்ரோல வண்டி குடிக்கா, நீரு குடிக்கீரா வே?” சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டரம்மா என் வீட்டுக்கே வந்தார். தன் வண்டியை மட்டும் ஓட்டினால் போதும் என்றார். ஆறுதலுக்காகத்தான் அடுத்ததையும் சொன்னார், ஆனால் அதுதான் அதிகம் வலித்தது: “என் வண்டில திருடதுக்கு ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி, தைரியமா வாங்க.”

சுவிட்ச்

முதலாளி வண்டிக்குப் புது டிரைவர் வந்தார். பெட்ரோல் அப்போதும் இறங்கியது. அவரையும் முதலாளி ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார். இதற்கிடையில் கண் ஆபரேஷனுக்காக முதலாளி சென்னை போனார். அவர் திரும்பும் வரை வண்டி வழக்கம்போல ஊருக்குள் ஓடியது, பெட்ரோல் முள் அசையவில்லை. அவர் வந்ததும் மறுபடி இறங்கியது. ஒரு காலையில் டாக்டரம்மா இதை அப்பாவிடமே கேட்டார். நான் பக்கத்தில் டாக்டரம்மா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாளியின் வீட்டம்மா காப்பியோடு வந்தவர் சாதாரணமாகச் சொன்னார்: “நீங்கதான கடை அடைக்க மாதிரி ராத்திரி வீட்டுச் சுவிட்ச் பூராத்தையும் அணைச்சிட்டுப் படுக்குதிய. விடிஞ்சதும் கடை தெறக்க மாதிரி போடுதிய. பெறவு சார்ஜ் எப்படி ஏறும்?”

மகள் வண்டிக்குத் தனி லைன், அதனால் அது தப்பித்தது. முதலாளி என்னைப் பார்த்தார். வாய் திறக்கப் போகிறார் என்று துணியைக் கீழே வைத்தேன். அவர் மனைவி பக்கம் திரும்பிக்கொண்டார்: “ஏளா, வீட்டுக்காரன் சுவிட்ச அணைக்கது ஒரு குத்தமா?”

சாவி

மறுநாள் புது டிரைவர் முதலாளி வண்டிச் சாவியை என்னிடம் நீட்டினார். முதலாளி ஏதாவது சொல்லிவிட்டாரா என்று கேட்டேன். டிரைவர் பாவம், யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உம்மகிட்ட குடுக்கச் சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி.” சாவியை வாங்கி, முதலாளி வீட்டுச் சுவரில் அது தொங்குகிற ஆணியிலேயே மாட்டிவிட்டேன்.

கரண்டு வண்டி வாங்கலாமா, இரண்டும் கலந்த வண்டி வாங்கலாமா என்று இப்போது பலர் என்னிடம் கேட்கிறார்கள். எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் கிட்டங்கி வாசலில் சொன்ன ஒரு சொல்லைக் கிட்டங்கி வாசலில் திருப்பி எடுக்க எங்கள் முதலாளிக்கு எந்த வண்டியில் ஏறியும் இன்னும் வந்து சேர முடியவில்லை.