அடியில்லாத பால்மா டின்

என் மேசையில் அடி வெட்டிய பால்மா டின் ஒன்று இருக்கிறது. மணலை நிரப்பி டின்னை மேலே தூக்கினால் மணல் சரிந்து பரவும். அது எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கணினியில் கணிப்பதுதான் எங்கள் தொழில். டின் மிஸ்ஸுடையது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே ஒரு சின்ன அறையில் எங்கள் மண்சரிவுக் கணிப்புகளுக்குப் பொறுப்பாக இருந்த பொறியியலாளர் அவர். கடைசி மணல்மணி நிற்கும்வரை, தூரம் அளக்கும் அடிமட்டத்தைத் தொடமாட்டார். அதற்குள் தேநீர் ஆறிப்போகும்.

துறைமுகத்துக்குப் போகும் வீதியில், வெட்டிய குன்றின் அடியில், காக்கா என்று எல்லாரும் கூப்பிடும் கிண்ணியா முஸ்லிம் அண்ணர் ஒருவரின் சாப்பாட்டுக்கடை. மழைக்குக் குன்று சரிந்தால் மண் எங்கே வந்து நிற்கும் என்று கணித்தோம். திரையில் மண்ணுக்குப் பதிலான வண்ண மணிகள் உருண்டு வந்து கடைக்கு எட்டத்திலேயே நின்றன. மிஸ் அந்தப் படத்தைக் காக்காவுக்கே காட்டி, பயமில்லை என்றார். அவரும் அதை நம்பிக் கடையின் பின்பக்கம், குன்றை ஒட்டிப் புதுக் குசினி கட்டினார். மனைவியும் மகளும் அங்கேதான் சமைத்தார்கள்.

பிறகொரு நாள் அதே படத்தை ஓடவிட்டு மிஸ் கேட்டார்: “மண் நிண்டதோ, நாங்கள் நிப்பாட்டினமோ?”

கணினிக்கு நாங்கள் கொடுத்த நேரத்தோடு கணக்கு முடிந்திருந்தது. கடைசிக் காட்சியிலும் மணிகள் மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருந்தன. மண்ணை இப்படி நிறுத்த எங்கள் தொழில்காரரால்தான் முடியும். நேரத்தை நீட்டி ஓடவிட்டோம். மணிகள் குசினியை நிரப்பின.

திருத்திய அறிக்கையைச் சத்தமில்லாமல் அனுப்பியிருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க மிஸ்ஸுக்கு வராது. கடையில் மத்தியானம் சாப்பிட வந்த கூட்டத்தின் நடுவே நின்று, தான் பிழையாகச் சொல்லிவிட்டதாகவும் அடுப்பை முன்பக்கம் மாற்றும்படியும் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. காக்காவின் முகம் கறுத்தது.

“அண்டைக்கு வராதெண்டும் நீங்கதான் சொன்னீங்க. இண்டைக்கு வருமெண்டும் நீங்கதான் சொல்றீங்க.”

“ஓம். ரெண்டும் நான்தான்,” என்றார் மிஸ்.

மாரிக்கு முன் அடுப்பு முன்னுக்கு வந்தது.

மிஸ் இறந்து சில மாரிகள் போய்விட்டன. குன்று அசையவேயில்லை. சாப்பிட வருகிறவர்கள் புகையில் கண்ணைக் கசக்கியபடி மிஸ்ஸைக் கேலி செய்கிறார்கள். போன கிழமை நான் இருக்கும்போதே ஒருவர், அடுப்பைத் திரும்பப் பின்னுக்குக் கொண்டுபோகலாமே என்று காக்காவிடம் சொன்னார். காக்கா தலை நிமிரவில்லை.

“ஏலாது. பிழையெண்டு தானா வந்து சொன்ன மனிசிட கதைய எப்பிடித் தட்டுற?”

அறைக்கு வந்து டின்னில் மணலை நிரப்பித் தூக்கினேன். மணல் பரவி அடங்கியது. அடிமட்டத்தை எடுக்கக் கை நீட்டியபோது, ஒரு மணி மட்டும் கழன்று மேசை விளிம்புவரை உருண்டு போனது. கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். தேநீர் ஆறிப்போயிருந்தது.