ஏணியில் தட்டிய தாளம்

ராயக்கோட்டை ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் நான் நீச்சல்குள ஆபரேட்டராக இருந்தேன். அதற்கு முன் சிப்காட்டில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டியவன். குளோரின் போடுவது, ஃபில்டர் கழுவுவது, குடித்துவிட்டுக் குதிப்பவர்களைத் திட்டுவது, இவைதான் குளத்து வேலை. நடனத்துக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

மஞ்சுளா வந்த முதல் நாள் மேனேஜர், "இந்தப் பொண்ணு தண்ணிக்குள்ள டான்ஸ் ஆடுதாம். நியூ இயர் ப்ரோக்ராமுக்கு. காலைல கொஞ்ச நேரம் குளத்த விட்டுக்குடு" என்றார். கார் பாகங்கள் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கும் பெண். கடலே இல்லாத ஊரில், ஆக்டோபஸ் நகர்வதை வீடியோவில் பார்த்துப் பார்த்து நடனமாக்கியிருந்தாள். ஒரே மூச்சில் ஆட வேண்டியது.

ஆனால் தண்ணீருக்குள் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. ஸ்பேனரை எடுத்து ஸ்டீல் ஏணியில் தட்டிக் காட்டினேன். தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி, "காதுகிட்டயே தட்டுற மாதிரி கேக்குதுண்ணா!" என்றாள். அன்றிலிருந்து மோட்டாரை நிறுத்திவிட்டு நான்தான் தாளம். அவள் திணறுவதாகத் தோன்றினால் தட்டுவதை நிறுத்துவேன். சத்தம் நின்றால் உடனே மேலே வந்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

ஒரு நாள் குளத்து மூலையில் சுருண்டு கிடந்தவள், கையைக் காலை ஒவ்வொன்றாக அவிழ்த்து, எலும்பே இல்லாதவள்போல் தரையில் வழிந்து போனாள். பிறகு திடீரென மேலே வந்தாள்.

"ஏண்ணா நிறுத்துனீங்க? இன்னும் மூச்சு இருந்துச்சே!"

ஸ்பேனர் அந்தரத்தில் நின்றிருந்தது. "உன்னப் பாத்துக்கிட்டே நின்னுட்டேம்மா."

சிரித்தாள். பிறகு முகம் வாடியது. "அன்னைக்கும் இப்படி ஆச்சுன்னா? பெங்களூரு டான்ஸ் ட்ரூப்காரங்க வராங்கண்ணா. நல்லா இருந்தா சேத்துக்குவாங்க. பாதில எந்திரிச்சா அவ்ளோதான்."

பிரஸ் ஓட்டும்போது வேடிக்கை பார்த்தால் விரல் போய்விடும். அது எனக்குத் தெரியாததா? லைஃப்கார்டு ஜோசப்பை அழைத்து, "நீ கண்ணெடுக்காம பாரு, நான் தட்டறேன். ஏதாவதுன்னா என் தோளத் தொடு, நிறுத்திடறேன்" என்றேன்.

புத்தாண்டு நிகழ்ச்சியில் ஏணியை ஒட்டி, குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எதிரே மோட்டார் ரூம் சுவர். பின்னால் கூட்டம் மூச்சுவிடாமல் இருந்தது. ஒரு குழந்தை மட்டும் "அய்யோ" என்றது. திரும்பவில்லை. தட்டினேன். தோளில் கை விழுந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

"போதும்ணா. ஆடி முடிச்சு மேல வந்துருச்சு" என்றான் ஜோசப். அதன்பிறகுதான் கைதட்டல் என் காதில் விழுந்தது.

மஞ்சுளாவை ட்ரூப்பில் சேர்த்துக்கொண்டார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவர் உயிர் உங்கள் கையில் இருக்கும்போது, எவ்வளவு அழகான காட்சிக்கும் முதுகைக் காட்டத் தெரிய வேண்டும். அன்றைய நடனத்தை எல்லோரும் பார்த்தார்கள், நான் பார்க்கவில்லை. வருத்தம்தான். ஆனாலும் இத்தனை வருட வேலையில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.