பாய்லர்காரரின் காது

காது கேட்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கு ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது என்பதை எங்கள் உறவில் யாரும் லேசில் நம்பவில்லை. கோலா சிலாங்கூரில் நடந்த ஒரு கல்யாணத்தில், பெரியப்பா முறை உள்ள ஒருவர் என்னை நிறுத்தி, நான்கு வருஷமும் காதுதானா, தொண்டையெல்லாம் சொல்லித் தரமாட்டார்களா என்று கேட்டார். தொண்டையும் உண்டு என்றேன். அதற்குப் பிறகுதான் அவருக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

தொண்டை உண்டு என்று சொன்னது பொய்யில்லை. கேட்டல், பேச்சு என்ற இரண்டு துறைகளுக்கும் முதலாண்டில் பல வகுப்புகள் சேர்ந்தே நடந்தன. பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தண்ணீரில் ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கிக் கொடுப்பார்கள். நோயாளிக்கு ஊட்டுவதற்கு முன்னால் நீங்கள் குடித்துப் பாருங்கள் என்பது எங்கள் விரிவுரையாளரின் கொள்கை. ஒருவருக்கொருவர் கரண்டியால் ஊட்டிக்கொண்டோம். ஒட்டுப் பசையைக் குடித்த மாதிரி இருந்தது. காதுக்குள் ரப்பரைச் செலுத்தி அச்செடுக்கப் பழகிய படிப்புத் தவணையில் என் அறைத்தோழியின் காது படாத பாடு பட்டது. கிளந்தான்காரியான அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்கு ஈடாக என் ஊரிலிருந்து எனக்கு வரும் கருவாட்டில் பாதியை எடுத்துக்கொள்வாள்.

எங்கள் வகுப்பில் தமிழர் நான் ஒருத்திதான். அதனால் பல்கலைக்கழகத்தின் கிளினிக்குக்கு எந்தத் தமிழ் நோயாளி வந்தாலும் என்னைத் தேடி ஆள் வந்துவிடும். நோயாளிகளுக்கு என்னைப் பிடித்திருந்தது. நான் சொல்வது தெளிவாகக் கேட்கிறது என்பார்கள். விரிவுரையாளர் வேறு மாதிரிச் சொன்னார். நீ பேசுவதில்லை, கூவுகிறாய் என்றார். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அப்படித்தான் என்று பதில் சொன்னேன். அதை நானே நம்பவும் செய்தேன். எங்கள் வீட்டில் எல்லாரும் கூவித்தான் பேசுவோம். டிவி எந்தச் சேனலில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வீட்டுக்குள் வரவேண்டிய அவசியமே இல்லை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும்.

அப்பா, சபாக் போகும் வழியில் இருக்கும் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர்காரர். அவர் சின்ன வயதில் தோட்டத்து லயத்தில் இருந்தபோது செம்பனைக் குலை அறுக்கப் போனவர். பிறகு பரீட்சை எழுதி பாய்லர் சர்டிபிகேட் வாங்கினார். அது கண்ணாடி போட்டு எங்கள் வரவேற்பறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அழுத்தம் ஏறவும் விடக்கூடாது, இறங்கவும் விடக்கூடாது. மொத்த ஆலையும் அந்த ஆவியில்தான் ஓடுகிறது. மேனேஜரே பாய்லர்ப் பக்கம் வந்தால் தன்னைக் கேட்டுத்தான் கதவைத் தொடுவார் என்று அப்பா சொல்லாத மாதம் கிடையாது.

அவருடைய காதைப் பற்றி யாரும் சந்தேகப்படவில்லை. ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷாவருஷம் காது சோதனை உண்டு. உள்ளே சிறு அறை வைத்துக் கட்டிய ஒரு வேன் வரும். ஒவ்வொருவராக ஏறி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் கொடுக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு இறங்க வேண்டும். அப்பா ஒரு தடவைகூட அதில் தவறியதில்லை. அதே ஆலையில் வேலை செய்த எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை சோதனையில் தவறினார். இயந்திரத்திலிருந்து அவரை எடுத்து, லோரியிலிருந்து குலை கொட்டும் முற்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வெயிலில் நின்று கொக்கியால் குலை தள்ளுகிற வேலை. அந்த வயதில் அது ஒருவருக்கு எப்படி இருக்கும் என்பதைத் தினமும் எதிர்வாசலில் பார்த்தோம்.

நான் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது ஆலையில் ஒரு தகராறு நடந்தது. அப்பாவின் ஷிப்டில் நேப்பாளத்துக்காரர் ஒருவர் பல வருஷமாக உடன் வேலை செய்தார். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, போனில் தன் மகளின் படத்தைக் காட்டிவிட்டுப் போகிறவர். அன்றைக்கு, ஆவிக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அப்பாவை அவர் பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திருக்கிறார். அப்பா விழுந்தார், முழங்கை உரிந்தது. குழாய் இணைப்பில் ஆவி சீறியது, அதனால்தான் இழுத்தேன் என்றார் அவர். சீறலும் இல்லை, ஒன்றும் இல்லை என்றார் அப்பா. பாய்லரை நிறுத்திய பிறகு பார்த்த மெக்கானிக், திருகாணியை இறுக்கினேன், கசிந்ததா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நழுவிவிட்டார். அதற்கு முந்தின வாரம்தான் ஓய்வு நேரம் யாருக்கு முதலில் என்று இருவருக்கும் வாய்த்தகராறு. அந்தக் கோபத்தில் இழுத்துத் தள்ளிவிட்டான் என்று அப்பா புகார் கொடுத்தார். அடுத்த வாரம் கழிந்து வரும் திங்கட்கிழமை விசாரணை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கைநீட்டியது உண்மை என்று முடிவானால் அந்த மனிதருடைய வேலை பெர்மிட் போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனபோது, அம்மா சாப்பாடு போட்டபடியே பேச்சை எடுத்தார்.

"அந்தப் புள்ள பொய் சொல்ற ஆளு இல்ல லா," என்றார்.

"அப்ப நான் பொய் சொல்றனா?" என்று கேட்டார் அப்பா.

வேன் சோதனை முடிவுகளையெல்லாம் அப்பா எடுத்து மேசையில் வைத்தார். அவருக்கு நன்றாகக் காது கேட்கும் என்று அவை எல்லாமே சொல்லின. அப்படியானால் சத்தம் இருந்திருந்தால் கேட்டிருக்கும். கேட்காததால் சத்தம் இல்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. எங்கள் கிளினிக்குக்கு வாங்கப்பா, நான் பார்க்கிறேன் என்றேன். மறுப்பார் என்று நினைத்தேன், உடனே சம்மதித்தார். வேனைவிட யுனிவர்சிட்டி பேப்பருக்கு மேனேஜர் மரியாதை கொடுப்பார் என்பது அவர் எண்ணம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோலா சிலாங்கூரில் பஸ் ஏறி வந்தார். கல்யாணங்களுக்குப் போடும் நீலச் சட்டை. கையில் பாசிர் பெனம்பாங்கிலிருந்து வாங்கிய கருவாட்டுப் பொட்டலம், நாலு பிளாஸ்டிக் பை சுற்றியும் வாடை வந்தது. என் அறைத்தோழி அதைப் பயபக்தியோடு வாங்கிக்கொண்டாள். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் அங்கிள், அங்கிள் என்று அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் சொன்னதைக் கேட்டு அப்பா சிரித்தார். அவன் கேட்டிருந்தது சாப்பிட்டீர்களா என்று.

விரிவுரையாளர் என் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க, நான்தான் சோதனை செய்ய வேண்டும். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. சத்தம் புகாத அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, பொத்தானைக் கையில் கொடுத்தேன். எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்டாலும் அமுக்க வேண்டும் என்றேன். எனக்குச் சொல்லித் தருகிறாயா என்பதுபோல் பார்த்தார். பக்கவாட்டில் போட்டிருந்த நாற்காலியை, நான் கதவைச் சாத்தியதும், அவரே, வெளியே நான் உட்காரும் இடம் தெரியும் கண்ணாடி ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். என்னைப் பார்த்தபடி உட்கார ஆசைப்படுகிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். மகள் வேலை செய்வதை அவர் பார்த்ததில்லை.

ஒலியை அனுப்பினேன், அமுக்கினார். குறைத்தேன், அமுக்கினார். இன்னும் குறைத்தேன், அதற்கும் அமுக்கினார். என் வகுப்பில் இருபது வயதுக்காரர்கள் தவறவிடும் ஒலியைக்கூட அப்பா விடவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நொடியே அந்த நேப்பாளத்துக்காரரின் பெர்மிட் நினைவுக்கு வந்தது. விரிவுரையாளர் ஏதோ எழுதுவதற்காக எனக்கு முன்னால் குனிந்தார். அப்பாவின் கட்டைவிரல் நின்றுவிட்டது. உள்ளே இருந்த மைக் வழியாக அவர் குரல் வந்தது.

"கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்து உக்காரும்மா. தோளு தெரியல."

என்ன சொல்கிறார் என்று விரிவுரையாளர் கேட்டார். மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னேன். வெட்கத்தில் முகம் எரிந்தது.

உள்ளே போய்க் கேட்டபோது அப்பா எதையும் மறைக்கவில்லை. மறைக்க அதில் ஏதாவது இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. வேனில் அப்படித்தான் என்றார். சோதனை செய்கிறவன் ஒலி அனுப்பப் பொத்தானைத் தட்டும்போது அவன் தோள் லேசாக ஆடும், அப்போது அமுக்க வேண்டும். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்தது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம், அந்த நேப்பாளத்துக்காரருக்கும் சேர்த்து, அப்பாதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். முதலில் இறங்கி வருகிறவர், இந்த வருஷத்து ஆளுக்கு வலது தோளா இடது தோளா என்று வரிசையில் நிற்கிறவர்களிடம் சொல்லிவிட்டுப் போவாராம். எதிர்வீட்டுக்காரர் தவறியது, மூக்குக்கண்ணாடி கொண்டுபோக மறந்ததால்தான் என்றார்.

சத்தத்தைக் கேட்டுத்தானே அமுக்க வேண்டும் என்று கேட்டேன்.

"சத்தம் சில நேரம் வரும், சில நேரம் வராதும்மா. தோளுதான் கரெக்டா இருக்கும்," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அப்போது தெரியவில்லை. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். இப்போது சத்தம் வந்தால் மட்டும் அமுக்குங்கள் என்று அவர் முகத்துக்கு நேரே நின்று சொல்லிவிட்டு வெளியே வந்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அடித்தொண்டை மாதிரியான கனத்த ஒலிகளுக்கு அமுக்கினார். சற்று ஏற்றினேன், தாமதித்து அமுக்கினார். இன்னும் உயரமான, கீச்சென்ற ஒலிகளுக்கு வந்தேன். அப்பாவின் முதுகு நேராக இருந்தது. பொத்தானை முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்திருந்தார். மேலும் கூட்டினேன். சாதாரண ஆள் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று. பொறுமையாகக் காத்திருந்தார். சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏம்மா நிறுத்திட்ட?"

நான் நிறுத்தவில்லை. என் விரல் அமுக்கியபடியேதான் இருந்தது. விரிவுரையாளர்தான் மெல்ல என் கையை எடுத்துவிட்டார்.

உள்ளே போய் அவர் எதிரே குந்தி உட்கார்ந்து சொன்னேன். இவ்வளவு நேரமும் சத்தம் போய்க்கொண்டுதான் இருந்தது, குழாயில் ஆவி கசியும் சீறலும் இந்த உயரத்தில்தான் இருக்கும், இத்தனை வருஷம் பாய்லர்ப் பக்கத்தில் நின்றதால் காதின் அந்தப் பகுதி போய்விட்டது, இனி வராது என்றேன். நோயாளிகளிடம் இதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு ஒரு பாடமே உண்டு. அதில் உள்ள எதுவும் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. அப்பா முழங்கையில் காய்ந்திருந்த பொருக்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப அவன் சும்மா இழுக்கல," என்றார்.

முடிவை அச்செடுத்துக் கேட்டார். விரிவுரையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்பா அதை நாலாக மடித்து, கதவைப் பார்த்து நின்று, நீலச் சட்டையின் பைக்குள் வைத்தார். திங்கட்கிழமை வரை காத்திருக்கப் போவதில்லை, அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் ஆபீஸ் மூடுவதற்குள் போய்விடலாம் என்றார். எனக்குப் பயமாக இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, என்னால் முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன்.

"இத குடுத்தீங்கன்னா உங்கள பாய்லர்ல இருந்து எடுத்துடுவாங்கப்பா."

அவர் திரும்பவில்லை. பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேரே நின்று, அதையே மறுபடி உரக்கச் சொன்னேன்.

"மொத வாட்டியே கேட்டுச்சும்மா," என்றார் அப்பா.