கடையில் வாங்கிய கோழிக்கறி

நற்கருணை வாங்க நிற்கும்போது எங்களுக்குள் வித்தியாசமே இருக்காது. ஒரே வரிசை, ஒரே அப்பம். பூசை முடிந்து பக்கத்து மண்டபத்துக்குப் போனதும்தான் சாதி எழுந்து வந்து பாய் விரிக்கும். திருநாளில் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அந்தச் சாப்பாட்டை அசனம் என்போம். அதுவும் வழிபாடுதான் என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

எங்கள் வீடு மஹய்யாவையில், கண்டி நகரத்தில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில். அம்மாவுக்குக் கண்டித் தெருக்களைக் கூட்டும் வேலை. அசனத்துக்கு அவள் அரிசி கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். தேங்காய், வெங்காயம், உயிரோடு கோழி, எதைக் கொடுத்தாலும் வாங்குவார்கள். சமைத்துக்கொண்டு போனால் மட்டும், "ஒனக்கு எதுக்கு வீண் சிரமம்? இங்கதான் ஆளு இருக்கே. நீ போய் உக்காரு" என்பார்கள். சொல்கிறவர்கள் அம்மாவைவிடப் பத்து வயது இளையவர்களாக இருப்பார்கள்.

கோயில் பந்தியில் தன் கைச்சமையலை நாலு பேர் சாப்பிட வேண்டும். அம்மா விடாப்பிடியாக ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். "இந்தத் தடவ புதுச் சாமி வந்திருக்காரு" என்று ஒவ்வொரு வருடமும் கோழிக்கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். சாமிமார் மாறினார்கள். சட்டி நிறைந்தபடியே வீடு திரும்பும். இரண்டு நாளைக்கு எங்களுக்கு அதுதான் சாப்பாடு. அந்தப் பெண்களை நான் மனசுக்குள் ஏசாத ஏச்சு இல்லை.

பிறகு நான் படித்து, டீச்சராகி, கல்யாணம் முடித்து, கண்டிக்கு வெளியே குண்டசாலையில் குடியேறினேன். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் "கண்டி டவுன்" என்பேன். அது பொய்யில்லையே.

அந்தப் பக்கத்துக் கோயிலில் அசனத்துக்கு வீட்டுக்கு ஒரு கறி சமைத்துக்கொண்டு போக வேண்டும். எல்லாவற்றையும் நீள மேசையில் வைத்துவிட்டு, அவரவர் எடுத்துச் சாப்பிடுவோம். இதை வாய்தவறி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திருநாள் காலை முதல் பஸ்ஸில் சட்டியோடு வந்து இறங்கினாள், கோழிக்கறி சூடு ஆறாமல். சட்டி பழசாக இருக்கிறது என்று சொல்லி, கறியை என் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றினேன். அம்மா காலிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மண்டபத்தில் அம்மாவும் நானும் மேசையோரம் இருக்கையில், பாட்டுக்குழுவை நடத்தும் அக்கா தட்டோடு எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், அம்மா எங்க குடியிருக்காங்க?"

"டவுன்ல."

"டவுன்ல எந்தப் பக்கம்?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று கண்டியில் யாருக்குத் தெரியாது? அவர் கையில் இருந்த கரண்டி எங்கள் கறிக்கு மேலே நின்றது. "இது நீங்க கொண்டுவந்ததா?"

"ஆமாக்கா. கடையில வாங்கினது" என்றேன்.

கரண்டி இறங்கியது. அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டார். ஐந்து நிமிடத்தில் பாத்திரம் காலி. ஒருத்தி அடியில் ஒட்டியிருந்த மசாலாவைச் சோற்றைப் போட்டுப் பிரட்டி எடுத்தாள். பழைய கோயில் பெண்கள் அம்மாவின் சட்டியைத்தான் வேண்டாம் என்றார்கள். நான் அம்மாவையே வேண்டாம் என்றுவிட்டேன். இனி யாரை ஏச எனக்கு வாய் இருக்கிறது?

"எந்தக் கடை, டீச்சர்? மகளோட புதுநன்மை விருந்துக்குச் சொல்லி வைக்கலாம்னு பாக்குறேன்" என்றார் அந்த அக்கா.

அவர்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

"மார்க்கெட்டுப் பக்கம் சின்னக் கடைங்கம்மா. ஒரு பொம்பளதான் சமைக்கிறா" என்றாள். "ரொம்பச் சுத்தமா செய்வா."